காயடித்த மறுநாள்

ரப்பர் குழாயைச் செவலைக் குதிரையின் பின்னங்கால்களுக்கு நடுவே பிடித்தபடி அவள் நின்றிருந்தபோது, நாத்தனார் ஜன்னலைத் திறந்து கேட்டாள்.

"அண்ணி, எந்தச் சட்டை போடறது?"

"நீலம்."

"நீலத்துல காலர் கிழிஞ்சிருக்கு."

"அப்ப வெள்ளை போடு. கழுத்துப் பட்டன் போடாத, அவருக்குப் பிடிக்காது."

ஜன்னல் மூடிக்கொண்டது. வீட்டுக்கும் லாயத்துக்கும் ஒரே தண்ணீர்த் தொட்டிதான். உள்ளே குழாயைத் திறந்தால் வெளியே தண்ணீர் நூலாக இறங்கும். உள்ளே அவள் கணவனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். வெளியே அவள், காயடித்த குதிரையின் புண்ணுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். குழாயில் தண்ணீர் மெலிவதைப் பார்த்துவிட்டு மாமனார் வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"உள்ள கொஞ்சம் மூடுங்க. இது முடியட்டும். அவன் எங்க போகப்போறான்?"

உள்ளே குழாய் நின்றது. வெளியே தண்ணீர் பெருத்தது. செவலை தோலைச் சிலிர்த்துக்கொண்டு ஒரு காலை மாற்றி வைத்தது. வயிற்றின் மேல் சோப்புத் தண்ணீரோடு அவன் காத்துக்கொண்டு படுத்திருப்பான் என்று அவளுக்கு நினைப்பு வந்தது. ஆனாலும் குழாயை நகர்த்தவில்லை. புண் அப்படி வீங்கியிருந்தது.

மாமனாரைத் தெருவில் எல்லோரும் லாயத்துக்காரர் என்பார்கள். ஊர் சுற்ற வருகிறவர்களுக்கு வண்டி ஓட்டுவதும், குட்டி வளர்த்து விற்பதும் தொழில். செவலைக்கு இரண்டு வயது முடிந்து, மீசை முளைத்த பையன் மாதிரி ஆகிவிட்டது. பெட்டைக் குதிரை கட்டியிருக்கும் பக்கத்துத் தடுப்பை இரண்டு முறை உடைத்தது. சவாரிப் பள்ளி நடத்துகிறவர் வந்து பார்த்தார், பல்லைப் பார்த்தார், நடையைப் பார்த்தார், பிடித்துப் போய்விட்டது. "பிள்ளைங்க ஏறுற குதிரைங்க. காயடிச்சுக் குடுத்தா நாளைக்கே எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாட்டு டாக்டர் ஒரு தொகை சொன்னார். குதிரைக்கு வந்தாலும் அவர் பெயர் மாட்டு டாக்டர்தான். மாமனார் அந்தத் தொகையைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். "எங்கப்பா ஒரு கத்தி, ஒரு கயிறு, ஒரு சட்டி சாம்பல், அதுல முடிச்சாரு. இவருக்கு அதுக்கு ஒரு மாசத் தீவனக் காசு வேணுமாம்" என்றார். தெரிந்த மருந்துக் கடையில் சொல்லி மயக்க மருந்து மட்டும் வாங்கி வந்தார். காலம் மாறிவிட்டது என்பதை அவர் அந்த அளவுக்கு ஒப்புக்கொண்டார்.

முந்தின நாள் காலையில் நடந்தது இது. மாமனார் மருந்தை ஊசியில் ஏற்றினார். பாதி ஏறியதும் நிறுத்திவிட்டு, புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மூடியைத் திருகினார். கருப்புக்குட்டி இன்னொன்று லாயத்தில் வளர்ந்துகொண்டிருந்தது. அதற்கும் ஒரு நாள் வரும்.

செவலை தள்ளாடி, முன்னங்கால் மடித்துச் சரிந்தது. அவள் அதன் கழுத்தின் மேல் உட்கார்ந்து, கண்ணை ஒரு சாக்கால் மூடிக்கொண்டாள். பிறந்ததிலிருந்து அவள் கையில் தின்று வளர்ந்தது அது. அவள் குரல் கேட்டால்தான் அடங்கும். கணவன் மேலே இருந்த பின்னங்காலில் கயிறு போட்டு முன்பக்கமாக இழுத்துப் பிடித்தான்.

"அப்பா, இன்னும் காதை ஆட்டுது. கொஞ்ச நேரம் விடலாம்."

"அது தூங்கலேன்னா பரவாயில்ல. நீ தூங்காம இரு."

மாமனார் கத்தியை வைத்தார். அவளுக்குக் கீழே கழுத்து முழுக்க ஒரே தசையாக இறுகியது. அவள் தூக்கி எறியப்படவில்லை, எப்படியோ ஒட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் ஒரு சத்தம் கேட்டது. நிறைந்த மூட்டையைத் தரையில் போட்ட சத்தம். திரும்பிப் பார்த்தபோது அவன் சுவரோரமாக, மடித்து வைத்த துணிபோல உட்கார்ந்திருந்தான். வாய் திறந்திருந்தது, மூச்சு வரவில்லை.

அவள் எழப்போனாள்.

"எழுந்திருக்காத!" என்றார் மாமனார். "நீ எழுந்தா அது எழும். பாதி வேலையில எழுந்தா குடல் வரைக்கும் போயிடும். உட்காரு."

அவள் உட்கார்ந்தாள். இன்று காலை வரை அவள் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தது அதைத்தான். உட்கார் என்றதும் உட்கார்ந்துவிட்டதை. மாமனார் மிச்சப் பாதி மருந்தையும் ஏற்றினார். கருப்புக்குட்டிக்கு வைத்திருந்தது அப்போதே தீர்ந்தது. கயிற்றைத் தூணில் கட்டி, பாக்கி வேலையையும் முடித்துவிட்டுத்தான் கையைக் கழுவினார். அதற்குள் கணவனுக்கு மூச்சு திரும்பிவிட்டது.

"ஒன்னுமில்ல, மூச்சுதான் அடைச்சுது" என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு அவனாகவே நடந்து போய்ப் படுத்தான். விலா எலும்புக்குக் கீழே குளம்பின் வளைவு சிவப்பாகப் பதிந்திருந்தது. அவள் அதன் மேல் ஈரத்துணி போட்டாள். அவன் கண்ணை மூடிக்கொண்டே, "லாடம் அடிக்காத குதிரையா இருந்தது நல்லதாப் போச்சு. இல்லேன்னா கம்பெனி பேரே பதிஞ்சிருக்கும்" என்றான். எதையும் சிரிப்பாக்கிவிடுவான். அப்பாவிடம் எதிர்த்துப் பேச முடியாதவனுக்கு வேறு என்ன வழி? அதற்காகவே அவன் மேல் அவளுக்குக் கோபம் வரும். இப்போதும், அவன் இல்லாத இந்தக் காலையிலும், அந்தக் கோபம் தீர்ந்துபோகவில்லை.

அன்று மத்தியானம் செவலைக்கு ரத்தம் நிற்கவில்லை. சொட்டாக இருந்தது ஒழுக ஆரம்பித்தது. மாமனார் முகம் வெளுத்து அவள் அன்றுதான் பார்த்தாள். அவரே மாட்டு டாக்டரை போனில் கூப்பிட்டார். பேரம் பேசவில்லை.

அவள் கேட்டாள். கேட்காமல் இல்லை. "மாமா, இவருக்கும் ஒரு டாக்டரைப் பார்த்துடலாம். வயிறு கல்லு மாதிரி இருக்கு. தொட்டா துடிக்கிறாரு."

"ஒவ்வொன்னாப் பார்க்கலாம்மா. அதுக்கு ரத்தம் போகுது. இவனுக்கு ஒரு சொட்டு வெளிய வரலியே."

மாட்டு டாக்டர் வந்தார். செவலை அவரைக் கிட்ட விடவில்லை. மாமனார் கதவருகில் வந்து நின்று அவளைப் பார்த்தார். அவள் கணவனைப் பார்த்தாள். அவன் உதடு வறண்டிருந்தது. போகாதே என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருக்க மாட்டாள்.

"போ. அது உன்கிட்டதான் நிக்கும்" என்றான். "முடிஞ்சதும் அந்த டாக்டர்கிட்ட கேளு, எனக்கும் ஒரு தையல் போட முடியுமான்னு."

அவள் போனாள். செவலையின் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். டாக்டர் பின்னால் குனிந்து ரத்தக்குழாயைத் தேடினார். வீட்டுக்குள்ளிருந்து முனகல் கேட்டது.

"யாரு அது?" என்றார் டாக்டர், தலை நிமிராமல்.

"பையன். வயிறு சரியில்ல" என்றார் மாமனார்.

அவள் வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்துச் செவலை உலுக்கியது. டாக்டர், "பிடிம்மா, பிடி, இப்ப விட்டா எல்லாம் போச்சு" என்று கத்தினார். பிடித்தாள். வேலை முடியும் தறுவாயில் முனகல் நின்றுவிட்டது. அப்பாடா, தூங்கிவிட்டார் என்று அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது அவளுக்குத் தன் கன்னத்திலேயே அறைந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. நாத்தனார் தண்ணீர் கொடுக்கப் போய் அலறியபோது, அவள் கையில் செவலையின் கயிறு இருந்தது.

இதுதான் நடந்தது. ஆனால் துக்கம் கேட்க வந்தவர்களிடம் மாமனார் வேறு மாதிரி சொன்னார். "சொன்ன இடத்துல நிக்கலைங்க. சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான். ஒரு அடி தள்ளி நில்லுன்னா காதுலயே விழாது." வந்தவர்கள் தலையாட்டினார்கள். செத்தவன் எழுந்து வந்து இல்லை என்று சொல்லப் போவதில்லை.

புண்ணுக்குத் தண்ணீர் அடித்து முடித்த நேரத்தில் மாட்டு டாக்டர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். நேற்றுக் கட்டிய ரத்தக்குழாயைப் பார்க்க வந்தவர். வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்ததும் நின்றார். யாரோ சொன்னார்கள். அவர் லாயத்துக்குள் வந்து அவள் எதிரில் நின்று, பையைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"நேத்து உள்ள முனகினது அவராம்மா?"

"ஆமா."

"வயிறு சரியில்லன்னுதானே சொன்னாங்க."

"பொய் இல்லைங்க. வயிறுதான்."

டாக்டர் வாயைத் துடைத்துக்கொண்டார். தான் மனுஷ டாக்டர் இல்லை என்று சொல்ல நினைத்திருப்பார். ஆனால் ஒரு வயிற்றைத் தொட்டுப் பார்த்து உள்ளே ரத்தம் தேங்கியிருக்கிறதா என்று சொல்ல அவருக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரிந்தது. அவள் அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் குனிந்து குதிரையைப் பார்க்க ஆரம்பித்தார். பார்க்க அது ஒன்றுதான் அவருக்கு இருந்தது.

"எப்படி இருக்கு டாக்டர்?" என்று மாமனார் பின்னாலேயே வந்து நின்றார்.

"ரத்தம் நின்னிருக்கு. ஆனா வீக்கம் அதிகம். இப்படியே நிக்க விட்டா உள்ள சீழ் கட்டி, காய்ச்சல் வந்து, அப்புறம் என்னாலயும் ஒன்னும் பண்ண முடியாது. நடத்தணும். இப்பவே ஆரம்பிங்க, மெதுவா, நிறுத்தாம, மத்தியானம் வரைக்கும். நடந்தாத்தான் உள்ள இருக்கிற கெட்ட நீர் வடியும்."

மாமனார் மடியிலிருந்து பணத்தை எடுத்தார். டாக்டர் கையை ஆட்டி வேண்டாம் என்றார். "இன்னிக்கு வாங்க முடியாதுங்க" என்று சொல்லிவிட்டு வேகமாக வெளியே போனார். மாமனார் பணத்தைத் திரும்ப மடியில் வைத்தபோது அவர் முகம் ஒரு கணம் லேசானது. மகன் செத்த வீட்டில், அந்த முகத்தில். அவள் அதைப் பார்த்துவிட்டாள். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தாள்.

வீட்டுக்குள் சவப்பெட்டியை மூடும் முன் அவளைக் கூப்பிட்டார்கள். அவள் கையைத் துடைத்துக்கொண்டு போனாள். வெள்ளைச் சட்டை. கழுத்துப் பட்டன் போட்டிருந்தது. அவள் அதைக் கழற்றினாள். விரலில் இருந்த மருந்தின் மஞ்சள் கறை காலரில் ஒட்டிக்கொண்டது. நாத்தனார் துடைக்க வந்தாள், அவள் தடுத்துவிட்டாள். அழுகை வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவளும் காத்திருந்தாள். சவாரிப் பள்ளிக்காரர் கைகட்டிக்கொண்டு மூலையில் நின்றிருந்தார். நல்ல மனிதர், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. வெளியே வந்ததும் மாமனாரின் தோளில் கை வைத்து, "தைரியமா இருங்க. குதிரையைப் பத்திக் கவலைப்படாதீங்க, நான் சொன்ன வார்த்தை வார்த்தைதான்" என்றார். மாமனார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு முதல் முறையாகத் தேம்பினார்.

பெட்டியைத் தூக்க ஆட்கள் குனிந்தபோது மாமனார் அவளைத் தனியாக லாயத்தின் பக்கம் அழைத்துப் போனார்.

"ஏம்மா, நீ வரவேண்டாம்."

"எங்க?"

"இடுகாட்டுக்கு. நாங்க போயிட்டு வந்துடறோம். நீ இருந்து இதை நடத்து."

அவள் அவரையே பார்த்தாள். அவர் கண் ஈரமாக இருந்தது. குரல் தணிந்திருந்தது. கெஞ்சுகிறார் என்பது அவளுக்குப் புரிய சற்று நேரம் ஆயிற்று.

"வேற யாரையாவது விட்டு நடத்தச் சொல்லுங்க."

"யாரும்மா இருக்கா? உன்னைத் தவிர யாரைக் கிட்ட விடுது? மத்தியானம் வரைக்கும் நிக்கவிட்டா டாக்டர் சொன்னது நடந்துடும். இதுவும் போச்சுன்னா அவன் செத்ததுக்கு என்னம்மா மிச்சம்?"

"அவரு சாகும்போது நான் பக்கத்துல இல்ல, மாமா."

"அதான் சொல்றேன். அப்ப இல்ல, இப்ப இருந்து என்ன ஆகப்போவுது?"

இதைச் சொல்லும்போது அவர் குரலில் வஞ்சம் இல்லை. கணக்குத்தான் இருந்தது. அவள் எதிரில் நின்ற மனிதரை அடிக்க வேண்டும் என்று அவள் கை உண்மையாகவே எழுந்தது. எழுந்த கை கொக்கியில் மாட்டியிருந்த கயிற்றை எடுத்தது.

"நடத்தினா போதும்ல?"

"போதும்மா. நடந்தாப் போதும்."

அவள் செவலையின் தலையில் கயிற்றை மாட்டினாள். தாழ்ப்பாளைத் தள்ளி அதை வெளியே கொண்டுவந்தாள். முற்றத்தைச் சுற்றவில்லை. தெருவில் பெட்டி போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால் போனாள்.

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. குளம்புச் சத்தம் கேட்டுப் பின்னால் வந்தவர்கள் ஒதுங்கினார்கள். இதுதான் உதைச்ச குதிரை என்று ஒருத்தர் சொல்ல, வழி இன்னும் அகலமாகத் திறந்தது. கடைசியில் பெட்டிக்கும் அவளுக்கும் நடுவில் ஒருவரும் இல்லை. அவளுக்கு அது வசதியாகவே இருந்தது.

மாமனார் முன்னாலிருந்து திரும்பி வந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, மற்றவர்களுக்குக் கேட்காமல் பேசினார்.

"என்ன காரியம் பண்றே? ஊர் சிரிக்கும்."

"நடக்குது, மாமா."

"கொன்ன குதிரையக் கூட்டிட்டுப் பிணத்துக்குப் பின்னாடி வர்றியே. உனக்குப் புத்தி பிசகிடுச்சா?"

"நிறுத்தக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு. நிறுத்தவா?"

அவர் குதிரையின் பின்பக்கத்தைப் பார்த்தார். அது கால்களை அகட்டி அகட்டி வைத்து நடந்தது. ஒவ்வொரு அடிக்கும் நீரும் ரத்தமும் கலந்து தார் ரோட்டில் சொட்டியது. அவர் சொட்டுகளைக் கவனித்தார். கவனிக்கக் கவனிக்க அவர் கோபம் எங்கேயோ போய்விட்டது. பெட்டியோடு முன்னால் போகவேண்டியவர், குதிரையின் பக்கத்திலேயே நடக்க ஆரம்பித்தார்.

"வடியுது" என்றார், பாதி தனக்குத்தானே. "நல்லா வடியுது."

பழக்கடைக்காரர் கதவைப் பாதி இறக்கிவிட்டு நின்றார். பேருந்து ஒன்று ஒதுங்கிக் காத்திருந்தது, ஜன்னலில் முகங்கள். யாரும் சிரிக்கவில்லை. செவலை புது ரோட்டைக் கண்டு மிரளும் என்று அவள் பயந்திருந்தாள். மிரளவில்லை. ஒரே நாளில் அதனிடமிருந்து என்னவோ போயிருந்தது. எதிரே ஒரு வண்டியில் பூட்டிய பெட்டைக் குதிரை நின்றிருந்தது. செவலை அதை ஒரு முறை பார்த்துவிட்டு, தரையைப் பார்த்து நடந்தது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. குதிரைக்காகவா அவனுக்காகவா என்று பிரித்துப் பார்க்க அவளுக்குத் தெரியவில்லை. கண்ணீர் அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. ஒரு கையில் கயிறு, மறு கை செவலையின் கழுத்தில், துடைக்கக் கை இல்லை.

இடுகாட்டில் குழி தயாராக இருந்தது. பெட்டியை இறக்கினார்கள். அவள் குழிக்குச் சற்றுத் தள்ளி நின்றாள், குதிரையோடு அதற்கு மேல் நெருங்க முடியாது. அங்கிருந்து குழியின் விளிம்பு தெரிந்தது, உள்ளே தெரியவில்லை. கயிறுகள் உரசும் சத்தம் கேட்டது. பெட்டி அடியில் தட்டிய சத்தமும் கேட்டது.

"பெரியவரே, வாங்க. நீங்கதான் முதல்ல போடணும்" என்றார் குழி வெட்டுகிறவர்.

மாமனார் போனார். குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினார். குழிக்குள் பார்த்தார். பார்த்தவர் கை நீளவில்லை. அப்படியே நின்றார். பிறகு அந்த மண்ணோடே திரும்பி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு, செவலையிடம் வந்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பிடிச்சுக்கோம்மா" என்றார்.

மண்ணை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். முட்டி நெட்டி முறிய, குதிரையின் பின்னங்கால்களுக்கு நடுவே குந்தினார். வலது கையை உள்ளே விட்டு, வீங்கியிருந்த இடத்தை விரல் விரலாக அமுக்கிப் பார்த்தார். செவலையின் காதுகள் பின்னால் படிந்தன. அவள் அதன் நெற்றியைத் தன் தோளில் சாய்த்து, மெதுவாகப் பேச்சுக் கொடுத்தாள். அது பொறுத்துக்கொண்டது.

"வத்தியிருக்கு" என்றார் மாமனார் கீழேயிருந்து. அவர் குரல் உடைந்து, அழுகையாகவும் சிரிப்பாகவும் வந்தது. "காலையில இருந்ததுல பாதிதான் இருக்கும்மா. பொழச்சுக்கும். இது பொழச்சுக்கும்."

குழி வெட்டுகிறவர் இன்னொரு முறை கூப்பிட்டார். மாமனாருக்கு அது கேட்கவில்லை. கை இன்னும் உள்ளேதான் இருந்தது, இன்னொரு பக்கத்தை அமுக்கிக்கொண்டிருந்தார். அவர் தலை செவலையின் குளம்புக்கு நேராக இருந்தது.

அவள் பேச்சை நிறுத்தினாள். செவலையின் நெற்றியைத் தோளிலிருந்து எடுத்துவிட்டாள். கயிற்றைக் கையிலிருந்து தரையில் விட்டாள், வீசவில்லை, விட்டாள். பிறகு குழியைப் பார்த்து நடந்தாள்.

கூட்டத்தில் யாரும் அசையவில்லை. பின்னால் செவலை மூச்சை வேகமாக வெளியே விட்டது.

"ஏம்மா" என்று மாமனார் மிக மெல்லிய குரலில் கூப்பிட்டார். அசையாமல் கூப்பிடுகிறார் என்பது குரலிலேயே தெரிந்தது. "ஏம்மா. கயிறு."

அவள் குழியின் விளிம்பில் நின்று உள்ளே பார்த்தாள். பிறகு குனிந்து மண் எடுத்தாள். மண் ஈரமாக இருந்தது. கையை விரித்த பிறகும் கொஞ்ச நேரம் உள்ளங்கையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.